முன்வாசலால் வந்தவர்கள்

ஆர்டின்மூர் பஜாருக்கு மோல் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் கேட்டது கக்கூசு. அட்டனுக்கும் அக்கரப்பத்தனைக்கும் போகிற பஸ்கள் நிற்கிற சந்தி அது. ஆறு தோட்டத்துச் சனம் அங்கே வந்து மழையில் காத்திருக்கும். பெண்கள் அவசரத்துக்குத் தேயிலைக்குள் இறங்கவேண்டும், அட்டைக் கடியோடு ஏறவேண்டும். ஆகவே நானூற்றுச் சொச்சம் பேர் கையெழுத்துப் போட்டு, மலைநாட்டு நகர எழுச்சி அதிகார சபை என்ற நீளமான பெயருள்ள இடத்துக்கு ஒரு மனு அனுப்பினோம்.

இரண்டு வருடம் கழித்துப் பதில் வந்தது. தனியாக ஒரு மலசலகூடம் கட்டுவதற்குச் சபையின் விதிகளில் இடமில்லை. ஆனால் பேரங்காடி ஒன்றின் மூன்றாம் மாடியில் மலசலகூடம் அமைக்க இடமுண்டு. எனவே மக்களின் நீண்டகாலக் கோரிக்கையை மதித்துப் பேரங்காடி கட்டப்படும். கீழே ஒரு கையெழுத்து, அதன் கீழே மூன்று முத்திரை.

கட்டினார்கள். நாலு மாடி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, நாற்பது கடை, தானாக ஏறுகிற படி. 'எமரல்ட் சிட்டி சென்டர்' என்று பெயர். சிட்டி எங்கே என்று கேட்கக் கூடாது.

அது எழும்பிய இடத்தில் முன்பு சோலைமலையின் தகரக் கடை இருந்தது. குடை, றப்பர் சப்பாத்து, கொழுந்து எடுக்கிற பெண்கள் மழைக்கு இடுப்பில் கட்டிக்கொள்கிற படங்கு, இவ்வளவுதான் சாமான். வருடத்தில் ஒன்பது மாதம் மழை பெய்கிற ஊரில் இதைவிட வேறென்ன வேண்டும்? பஸ்ஸை விட்டு இறங்கியதும் கைக்கெட்டுகிற தூரத்தில் கடை. அவருடைய மனைவி ஜீவராணி மலையில் கொழுந்து எடுத்தாள். குடியிருப்பு கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீடுகளில் ஒரே அறை, ஒரு காம்பரா. இரண்டு பெண்பிள்ளைகள் படித்ததும் சாப்பிட்டதும் அந்தத் தகரத்துக்குக் கீழேதான்.

தகரத்தைப் பிடுங்கியபோது சபை அவருக்கு முன்னுரிமை அடிப்படையில் ஒரு கடை தருவதாக எழுதிக் கொடுத்தது. சொன்னபடி தரவும் செய்தது. முப்பத்தொன்பதாம் இலக்கம், மூன்றாம் மாடி, மலசலகூடத்தை ஒட்டினாற்போல்.

சோலைமலை சபையின் பணிப்பாளர் குகநேசனைப் போய்ப் பார்த்தார். குகநேசன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், படித்தவர். மலையகத்தை எழுப்பாமல் ஊர் திரும்புவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டவர். எழுப்பச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

"ஐயா, மழையில நனைஞ்சிக்கிட்டு வர்றவங்க மூணு மாடி ஏறி வந்தா கொடை வாங்கப் போறாங்க?" என்றார் சோலைமலை.

"ஐசே, நீங்கள் இன்னும் றோட்டோர மனநிலையிலதான் நிக்கிறியள். உங்கட கடை எங்க இருக்குது எண்டது முக்கியமில்லை. நீங்கள் எங்க இருக்கிறியள் எண்டதுதான் முக்கியம்."

"நான் மூணாவது மாடியிலதாங்க இருக்கேன்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். உயர்ந்திட்டியள்."

திறப்புவிழா அன்று அறுநூறு பேருக்குக் குறையாமல் சனம் வந்தது. குகநேசன் ஒலிவாங்கியைப் பிடித்தார். "இருநூறு வருசமா உங்கட சனம் இந்த மலையில ஏறி இறங்கிக் களைச்சுப் போச்சுது. இனி நீங்கள் ஏறத் தேவையில்லை. படி ஏறும்!" கைதட்டல் வானைப் பிளந்தது. பிரதம அதிதி ரிப்பன் வெட்டி, படியில் ஏறி, தேத்தண்ணி குடித்து, படியில் இறங்கி, வாகனத்தில் ஏறினார். வாகனம் திரும்பியதும் மின்சாரச் செலவை முன்னிட்டுப் படி நிறுத்தப்பட்டது. அதன் பிறகு அது ஓடி நான் பார்க்கவில்லை.

விஷயம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அதிகாரிகள் உள்ளே போனார்கள், சனம் போகவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, குடையை மடக்கி, வரிசையாக நின்றார்கள். ஏன் என்று எங்களைக் கேட்டால் தெரியும். தோட்டத்து ஆபிசுக்குப் போனால் முற்றத்தில்தான் நிற்போம். உள்ளேயிருந்து கிளாக்கர் ஜன்னலைத் திறப்பார். வந்த காரியத்தைச் சொல்வோம். என் அப்பா நின்றார், நானும் நின்றிருக்கிறேன். உள்ளே வா என்று எங்களை அங்கே ஒருவரும் கூப்பிட்டதில்லை. பளபளவென்று ஒரு கட்டடம், வாசலில் சீருடை போட்ட காவலாளி. இதைப் பார்த்ததும் கால் தானாக நின்றுவிட்டது.

காவலாளி சுதாகரன் எங்கள் ஆள்தான். தேயிலைத் தொழிற்சாலையில் வாச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையில் முதலில் நின்ற பெண் அவரிடம், "அண்ணே, படங்கு ஒண்ணு வேணும், பெருசு" என்றாள். சுதாகரன் பழக்கதோஷத்தில் உள்ளே போய் மூன்று மாடி ஏறி வாங்கிவந்து கொடுத்தார். அடுத்தவர் சோப்பு கேட்டார். இப்படியே பொழுது சாய்ந்தது. எங்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

சபை விசாரித்தது. மூன்று பேர் கொண்ட நிபுணர் குழு வந்து இரண்டு நாள் அட்டனில் தங்கி, பிரச்சினையை ஆராய்ந்தது. உள்ளே வாருங்கள் என்று எழுதி ஒரு பலகை தொங்கவிட்டிருந்தால் போதும். குழு அப்படிச் சொல்லவில்லை. 'உள்ளூர்ப் பண்பாட்டுக்கு இசைவாக' கண்ணாடியில் ஒரு ஜன்னல் வெட்டும்படி பரிந்துரைத்தது. வெட்டினார்கள்.

வாசலில் ஒரு ஆளெண்ணும் பெட்டியும் பொருத்தியிருந்தார்கள். முன்கதவால் ஒரு ஆள் உள்ளே நுழைந்தால் 'டிங்' என்று சொல்லி ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். ஜன்னலில் சாமான் கேட்க, சுதாகரன் போய் வாங்கி வெளியே கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே நுழைவார். டிங். அந்த மாதம் நாலாயிரத்து இருநூறு வாடிக்கையாளர்கள் வந்ததாகப் பெட்டி சொன்னது. நாலாயிரத்து இருநூறு பேரும் சுதாகரன்தான். குகநேசன் அறிக்கை விட்டார், சபைக்கு விருது கிடைத்தது, சுதாகரனுக்கு முழங்கால் போனது.

அவர் கட்டிலில் விழுந்ததும் எண்ணிக்கையும் விழுந்தது. அப்போதுதான் வளாக மேற்பார்வையாளராக கஜேந்திரனைக் கொண்டுவந்தார்கள். முப்பது வருடம் மலையில் கொழுந்து எடுப்பவர்களை மேய்க்கிற கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஆளைப் பார்த்தவுடன் எத்தனை கிலோ எடுப்பாள் என்று சொல்லிவிடுவார் என்று பெயர். அவருக்குத் தெரிந்த ஒரே நிர்வாகத்தை அவர் மோலிலும் நடத்தினார். காலை ஆறரைக்கு, தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூப்பிடுவதுபோல, பெரட்டு. நாற்பது கடைக்காரர்களும் முன்முற்றத்தில் வரிசையில் நிற்க, அவர் பெயர் கூப்பிடுவார். மலையில் முழுநாள் கூலிக்கு முழுப்பேர், பாதிக் கூலிக்கு அரைப்பேர் என்று பேரேட்டில் போடுகிற வழக்கத்தையும் அவர் விடவில்லை.

"கேட்டுக்கங்க. ஒரு கடைக்கு ஒரு நாளைக்கு எட்டு ஆளு வரணும். வந்தா முழுப்பேரு. கொறைஞ்சா அரைப்பேரு. மூணு மாசம் சேந்தாப்புல அரைப்பேரு விழுந்தா கடை ரத்து. மலையா இருந்தா என்னா, மோலா இருந்தா என்னா, ஆளுன்னா விரட்டுனாத்தான் வேலை நடக்கும்."

"கணக்கப்பிள்ளை ஐயா, கொழுந்துன்னா நாங்க கைய நீட்டிப் பறிக்கலாம். ஆளுகள எப்புடிங்க பறிக்கிறது?" என்று கேட்டார் சோலைமலை.

"வாய் பேசுனா அதுக்கும் அரைப்பேரு."

சோலைமலைக்கு ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. மற்ற எதற்கும் ஜன்னலில் நின்று ஆள் அனுப்பலாம், கக்கூசுக்கு அனுப்ப முடியாது. அதற்கு நேரில்தான் போகவேண்டும். ஆனால் மலசலகூடம் வாடிக்கையாளருக்கு மட்டும் என்று கஜேந்திரன் பூட்டுப் போட்டிருந்தார். பில் காட்டினால்தான் சாவி. ஆகவே பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் மூன்று மாடியையும் ஓட்டமாக ஏறிவந்து சோலைமலையிடம் ஒரு ஊக்கு வாங்குவார்கள். அவர் ஊக்கைக் கொடுப்பதற்கு முன்னாலேயே பில்லைக் கொடுத்துவிடுவார். மனிதாபிமானம் உள்ளவர். பன்னிரண்டு வருடம் மழையை நம்பிப் பிழைத்த மனுஷன் ஊராரின் வயிற்றை நம்பிப் பிழைத்தார். அதுவும் நிலைக்கவில்லை. மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று மலசலகூடத்தை நிரந்தரமாக மூடினார்கள். ஊர் மறுபடி தேயிலைக்குள் இறங்கியது.

பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். துணிக்கடை போனது. கைத்தொலைபேசிக் கடை போனது. ஐஸ்கிரீம் கடை, ஐயோ பாவம், அந்தக் குளிரில் அதை யார் திறக்கச் சொன்னார்களோ, இரண்டாம் வாரமே போனது. கடை போகப் போக, எட்டு ஆள் கணக்கு மட்டும் குறையவில்லை. ஐப்பசியில் நாற்பது கடையில் ஒன்றுதான் மிச்சம். முப்பத்தொன்பதாம் இலக்கம். காலைப் பெரட்டில் சோலைமலை தனியாக வரிசையில் நிற்பார். கஜேந்திரன் அவரை நேராக நிற்கச் சொல்லி, பெயர் கூப்பிட்டு, அரைப்பேர் போட்டுவிட்டுப் போவார். இதை நான் கண்ணால் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் நின்றது.

"விட்டுட்டு வாங்களேன். எங்கயாச்சும் றோட்டோரமா போட்டுக்கலாம்" என்றாள் ஜீவராணி.

"றோட்டோரத்துல யாரு விடுறா? அங்க கடை போட்டா மோலுக்குப் பாதகம்னு மறுநாளே தூக்கிருவாங்க. இதுவும் போச்சின்னா நமக்குன்னு ஒரு எடமும் இல்ல புள்ள."

கார்த்திகையில் மழை விடாமல் அடித்தது. கீழ்ப்பிரிவு லயத்துக்கு மேலே மலையில் ஒரு வெடிப்பு. ஒருநாள் காலை அது கை நுழைகிற அகலத்துக்கு வந்துவிட்டது. கிராம சேவகர் வந்து எல்லாரையும் உடனே வெளியேறச் சொன்னார். சோலைமலையின் குடும்பத்தோடு எழுபத்தெட்டுக் குடும்பம், முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். பள்ளிக்கூடம் ஏற்கெனவே இன்னொரு தோட்டத்துச் சனத்தால் நிறைந்திருந்தது. காலியாகக் கிடந்த ஒரே கட்டடம் மோல். வேறு வழியில்லாமல் திறந்து விட்டார்கள்.

குகநேசன் தொலைபேசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். முன்வாசல் வாடிக்கையாளருக்கு உரியது, இடம்பெயர்ந்தவர்கள் பின்னால் சாமான் ஏற்றி இறக்குகிற வாசலால்தான் போய்வர வேண்டும். சனம் அப்படியே செய்தது. லயம் மாதிரியே வரிசையாகக் கடை, ஒவ்வொன்றும் எட்டுக்குப் பத்து அடி, கோடியில் ஒரு பொதுக் குழாய். எந்தக் குடும்பம் எங்கே படுப்பது என்று யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் கொடிக் கயிறு கட்டித் துணி காயப்போட்டுவிட்டார்கள்.

சோலைமலைக்குக் கடைதிறந்த நாளிலிருந்து அப்படியொரு வியாபாரம் இல்லை. மழையோடு வேலைக்குப் போகிறவர்களுக்கு இப்போது அவர் கடை குடியிருக்கிற கூரைக்குக் கீழேயே இருந்தது. படங்கு போனது, சப்பாத்து போனது, குடை போனது. இல்லாதவர்களுக்குச் சும்மாவும் போனது. மூன்றாம் மாடியில் காலையும் மாலையும் சந்தை இரைச்சல். ஜீவராணியே அவர் சிரித்துப் பேசுவதைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது என்றாள்.

அந்த வாரத்தில்தான் கடிதம் வந்தது. தொடர்ந்து மூன்று மாதம் வாடிக்கையாளர் வருகை போதாமையால் முப்பத்தொன்பதாம் இலக்கக் கடை மாத இறுதியோடு ரத்து. நடப்பு மாதத்தின் வருகை: பூச்சியம்.

சோலைமலை கடிதத்தை எடுத்துக்கொண்டு குகநேசனிடம் போனார். லயத்து ஆட்கள் இருபது பேர் சாட்சிக்குக் கூடவே போனார்கள்.

"பெட்டி பூச்சியம் எண்டு சொல்லுது. உங்கட கடைக்கு ஒருத்தரும் வரேல்லை" என்றார் குகநேசன்.

"இந்தா நிக்கிறாங்களேங்க ஐயா. இந்தம்மா நேத்துதான் சப்பாத்து வாங்குனாங்க."

குகநேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவையள் வந்தவை இல்லை. இருக்கிறவை. வாறவைதான் கணக்கு. விதி கண்ணுக்கு முன்னால நிக்கிறவனைப் பார்க்காது. பார்த்தால் அது விதியில்லை, இரக்கம். இரக்கத்தை வச்சு ஒரு நிறுவனம் நடத்த ஏலுமோ?"

திரும்பி வருகிற வழியில் சோலைமலைக்கு ஒரு யோசனை தோன்றியது. சுதாகரன் ஓடிய ஓட்டம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மாதத்தின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை, வேலையில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் பின்வாசலால் வெளியே இறங்கி, மழையில் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்முற்றத்துக்கு வந்தார்கள். கண்ணாடிக் கதவின் முன்னால் முதலில் தயங்கினார்கள். கால் நின்றது. சோலைமலை கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாங்க, உள்ள வாங்க. நம்ம கடைதான், வாங்க" என்றார்.

டிங். முதலில் ஜீவராணி. பிறகு கைக்குழந்தைக்காரி ஒருத்தி, குழந்தைக்கும் சேர்த்து இரண்டு டிங். கோலூன்றி வந்தவர்கள், சிரித்துக்கொண்டு வந்தவர்கள், அதுவரை அந்தக் கதவால் ஒருநாளும் நுழையாத பெண்கள். பெட்டி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசி டிங் சோலைமலையுடையது. கஜேந்திரன் எழுந்து நின்று எண்ணினார். முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒரு கடைக்கு மாதம் முழுவதற்கும் தேவையான இருநூற்று நாற்பதை ஒரே காலையில் தாண்டிவிட்டது. பேரேட்டைத் திறந்து முழுப்பேர் போட்டார். சனம் ஓவென்று கத்தியது. சோலைமலை கதவிலேயே சாய்ந்துகொண்டார். கடை பிழைத்துவிட்டது.

மத்தியானம் குகநேசன் நேரில் வந்துவிட்டார். படப்பிடிப்பாளர், மாலை, சான்றிதழ் எல்லாம் கூடவே வந்தன. அவர் சோலைமலையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு கஜேந்திரன் பக்கம் திரும்பி, "இவ்வளவு வாடிக்கையாளர் வாற இடத்தை முகாமா வச்சிருக்க ஏலாது. பின்னேரம் நாலு மணிக்குள்ள இடம்பெயர்ந்தவை எல்லாரையும் எழுப்புங்கோ. கோயில் மண்டபத்தில இருக்கட்டும்" என்றார்.

சோலைமலைக்கு முதலில் விளங்கவில்லை. "ஐயா, அவங்கதாங்க இவங்க. ரெண்டும் ஒரே ஆளுங்க. காலையில நாந்தான் முன்னுக்குக் கூட்டியாந்தேன்."

"பின்வாசலால வந்தால் இடம்பெயர்ந்தவை. முன்வாசலால வந்தால் வாடிக்கையாளர். ஒரே ஆள் இரண்டு பதிவில நிக்க ஏலாது. ஒண்டை வெட்டத்தான் வேணும்."

"அந்த மண்டபத்துக்குச் சுவரே இல்லீங்க. புள்ளைங்க இருக்கு."

"உங்களுக்கு வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறன், நீங்கள் சுவரைப் பற்றிக் கதைக்கிறியள்."

"அப்ப என் கடைய வெட்டிருங்க ஐயா." சோலைமலை கும்பிட்டார். "ரத்துன்னுதானே கடுதாசி குடுத்தீங்க. நானே எழுதித் தாறேன். ரத்து பண்ணிட்டு இவங்கள இருக்க விடுங்க."

குகநேசனுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "முழுப்பேர் விழுந்த கடையை ரத்துச் செய்ய விதியில இடமில்லை, ஐசே. நீங்களும் நினைச்சாலும் ஏலாது, நானும் நினைச்சாலும் ஏலாது."

மூன்றரைக்கெல்லாம் பாய், பானை, புத்தகப் பை என்று சனம் இறங்கத் தொடங்கியது. யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நானும் போடவில்லை. காலையில் கண்ணாடிக் கதவால் வந்தவர்களைக் கஜேந்திரன் பின்வாசலால் அனுப்பினார். முன்வாசலில் படப்பிடிப்பு இருந்தது. கடையில் மிச்சமிருந்த படங்கையெல்லாம் சோலைமலை வாரி வாரி ஆளுக்கொன்று கொடுத்தார். மண்டபத்துக்கு மறைப்புக் கட்ட உதவும்.

கடைசியாக ஜீவராணி இரண்டு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு வந்தாள். சோலைமலை மாலையோடு நின்றார். கூடவே போகப் புறப்பட்டவரை, சான்றிதழ் வாங்கிவிட்டுப் போகும்படி கஜேந்திரன் தோளைப் பிடித்து நிறுத்தினார். ஜீவராணி கோபப்படவில்லை. அதுதான் பார்க்க முடியவில்லை.

"நீங்க போட்டோ எடுத்துக்கிட்டு வாங்க. நாங்க முன்ன போறோம்" என்றாள்.

அடுத்த தை மாதம் மோலை மூடிவிட்டார்கள். கண்ணாடியில் வெட்டிய ஜன்னலுக்குப் பலகை அடித்தாயிற்று. வெடிப்பு அப்படியே இருக்க, சனம் வேறு போக்கிடம் இல்லாமல் லயத்துக்கே திரும்பிவிட்டது. சோலைமலை வாரத்தில் நாலு நாள் வட்டகொடை ஸ்டேசனுக்குப் போய்ப் பாய் விரித்துக் குடை விற்கிறார். ஆர்டின்மூரில் விற்க அவருக்கு அனுமதி இல்லை. அவர் பேரில் ஏற்கெனவே ஒரு கடை இருக்கிறது.

சபையின் ஆண்டறிக்கை போன மாதம் வந்தது. வழுவழுப்பான தாள். பதினேழாம் பக்கம் முழுவதும் சோலைமலையின் படம். கழுத்தில் மாலை, கையில் சான்றிதழ், இரண்டு கண்ணாலும் நீர் வழிகிறது. கீழே மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறார்கள்: 'ஆனந்தக் கண்ணீர்.'